நாலு மூலையும் பளபளப்பு எடுக்கணும்

சீட்டு

"நாலு மூலையும் பளபளப்பு எடுக்கணும். பழைய மாதிரி இருக்கணும். மறக்கக் கூடாது."

சீட்டில் இருந்தது இவ்வளவுதான். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது. யாருக்கு எழுதியது என்று இல்லை. முன்பக்கம் தேதி அச்சாகியிருந்தது. வியாழன், சஷ்டி, ராகு காலம் எல்லாம் இருந்தன. தேதி கண்ணில் பட்டால் எனக்கு ஒரு பிடிமானம் வந்துவிடும். நான் கைவைத்த எந்த உலோகச் சாமானையும் உள்பக்கம் தேதி கீறாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆனால் இந்தத் தேதி சில வருஷங்களுக்கு முந்தையது. சீட்டை எழுதிய லில்லி அம்மா காலண்டர் தாளைக் கிழித்ததும் எறிந்துவிட மாட்டார். கிளிப்பில் சேர்த்துவைத்து, மளிகைக் குறிப்பு எழுத எடுத்துக்கொள்வார். ஆக தாள் பழையது, எழுத்து புதியது. எவ்வளவு புதியது என்று சொல்ல வழியில்லை.

நான் பழனி அடிவாரத்தில் ஒரு பஃபிங் பட்டறையில், குத்துவிளக்குக்கும் காவடி மணிக்கும் பாலிஷ் போட்டுத் தொழில் கற்றவன். பிறகு மலையேறி, கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரு மோட்டாரும், மெருகேற்றும் துணிச் சக்கரமான பஃப் வீல் இரண்டும் இருக்கின்றன. ஊரில் யாருக்காவது கதவுக் கைப்பிடி மங்கினால் கொண்டுவருவார்கள். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, பார்த்த வேலைகளை நடந்த வரிசையில் எழுதிவைப்பது என் வழக்கம். இந்த வேலைக்கு வரிசை சரியாக அமையவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

லில்லி அம்மாவின் கெஸ்ட் ஹவுஸ் ஏரிக்கு மேல் சரிவில் இருக்கிறது. கூடத்தில் ஒரு பழைய பூல் டேபிள். ஊரைவிட்டுப் போன ஒரு அமெரிக்கக் குடும்பம் விற்றதை அவருடைய கணவர் வாங்கிப் போட்டார். கணவர் காலமான பிறகும் அம்மா ஆட்டத்தை விடவில்லை. சாயங்காலம் டீ முடிந்ததும் தங்க வந்தவர்களில் யாராவது ஒரு இளவட்டத்தைப் பார்த்து, "தம்பி, ஒரு கேம் வர்றீங்களா?" என்பார். பாட்டியம்மாதானே என்று சிரித்துக்கொண்டு வருபவர்கள், சிரிப்பு போய் கோலை வைத்துவிட்டுப் போவார்கள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய், மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜெசி, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது இந்தச் சீட்டைப் பார்த்தாள். பூல் டேபிளின் மேல், கோல் முனையில் தேய்க்கும் நீலச் சாக்குக்கட்டியை மேலே வைத்து, பறக்காதபடி இருந்ததாம்.

எனக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருந்தாங்களா?"

"பஜார்ல பாத்தப்ப, உங்களுக்கு ஒரு சோலி வச்சிருக்கேன், எழுதி வைக்கிறேன்னாங்க. என்ன சோலின்னு சொல்லலைம்மா."

"அப்ப இதுதான் அது. டேபிளோட நாலு மூலையிலயும் மெட்டல் மூடி இருக்குல்ல, அதைச் சொல்றாங்க. அம்மா கடைசியா எழுதினது இது அங்கிள். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் பண்றாங்க. அவங்க உள்ள வரும்போது, சொன்னபடி இருக்கணும். வேற என்ன வேணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்க முடியல. இதையாச்சும் சரியா செஞ்சிடணும்."

எடுத்தல்

மறுநாள் காலை போனேன். வாசலில் பாண்டி குரங்குக் குல்லாயோடு நின்றான். பூம்பாறைக்காரன். அந்த வீட்டுக்குக் காவல், தோட்டம், சமையல் எல்லாம் அவன்தான்.

"என்னண்ணே, வெள்ளனே வந்துட்டீங்க. அம்மா டேபிளைப் பிரிக்கப் போறீங்களாமே?"

"பிரிக்கலப்பா. மூலையில பாலிஷ்தான்."

டேபிளைச் சுற்றி வந்து பார்த்தேன். மரச் சட்டங்கள் கூடும் நான்கு மூலைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த உலோக மூடிகள். மேலே புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கில் வெள்ளையாக மின்னின. ஜெசியிடம் சொன்னேன்: "ரெண்டு நாள் வேலைம்மா. கண்ணாடி மாதிரி எடுத்துடலாம்."

"எடுத்துடலாமா? என்ன அங்கிள், எடுக்கணும்னா போக்கணும்னு அர்த்தம் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"கறை எடுக்கணும்னா கறையைப் போக்குறது. முள் எடுக்கணும்னா முள்ளைப் பிடுங்குறது. பளபளப்பு எடுக்கணும்னா பளபளப்பைப் போக்கணும். இந்தப் புது லைட்டு மூலையில பட்டு கண்ணைக் குத்துதுன்னு அம்மா போன்ல சொன்னாங்க."

பட்டறையில் இத்தனை காலம் பளபளப்பு எடுத்திருக்கிறேன். "ஷைன் எடு", "இன்னும் கொஞ்சம் எடு", "நல்லா எடுத்திருக்கே" என்று முதலாளி கத்திக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் எங்களுக்கு எடுப்பது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சீட்டை மறுபடி வாசித்தேன். அடுத்த வரி கைகொடுக்கும் என்று நினைத்தேன். "பழைய மாதிரி இருக்கணும்." வாங்கின புதிதில் இருந்தது போல மின்ன வேண்டும் என்று நான் படித்தேன். பழைய சாமான் போல மங்கி இருக்க வேண்டும் என்று ஜெசி படித்தாள். இந்த ஊரில் ஆன்டிக் என்று சொல்லி அப்படித்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். இரண்டு வரிகளும் சேர்ந்தே என் பக்கம் நின்றன. சேர்ந்தே அவள் பக்கமும் நின்றன.

பாண்டி எட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் இல்லைண்ணே. அதுல மின்னுறது என்னன்னு நெனச்சீங்க? பெயிண்டு. நான் அடிச்சது."

"நீ அடிச்சதா?"

"கிறிஸ்மஸுக்கு கேட்டுக்கு அடிச்ச சில்வர் பெயிண்டு மிச்சம் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு மூலைக்கும் ஒரு இழுப்பு இழுத்துட்டேன். சும்மா ஜிகுஜிகுன்னு ஆயிருச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"என்ன மாதிரி சிரிப்பு?"

"சிரிப்புன்னா சிரிப்புதாண்ணே. அதுல என்ன மாதிரி?" என்றவன், சற்று யோசித்துவிட்டு முகம் மாறினான். "அப்ப என் பெயிண்டை எடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்காங்களா?"

அதுவும் ஒரு பொருள்தான். மூன்றாவது பொருள்.

எத்தனை பழசு

குழப்பம் வந்தால் சாமானைக் கேட்க வேண்டும் என்பது பட்டறைப் பாடம். மூடிகளைக் கழற்றினேன். சட்டத்துக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தது. மூன்று கழன்றன. நாலாவது வரவில்லை. ஸ்க்ரூ துருவேறி மண்டை தேய்ந்துபோயிருந்தது. கழன்ற மூன்றுக்கும் எந்த மூலை என்று உள்பக்கம் சாக்பீஸால் எண் போட்டு ஷெட்டுக்கு எடுத்து வந்தேன். மேலோட்டமாக ஒரே மாதிரி இருந்தாலும், ஓட்டைகள் மூலைக்கு மூலை கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தன. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

காந்தம் ஒட்டவில்லை. இரும்பு இல்லை. உள்பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறம். துத்தநாக வார்ப்பு, நாங்கள் ஜிங்க் என்போம். இதில் அமிலம் படக் கூடாது, பொங்கித் தின்றுவிடும். ஒன்றில் பெயிண்டு ரிமூவர் தடவித் துடைத்தேன். பாண்டியின் பெயிண்டு தோலாக உரிந்தது. அடியில் இன்னொரு பெயிண்டு, அதுவும் சில்வர்தான், இன்னும் பழையது. பாண்டி வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் வேறு யாரோ அடித்திருக்கிறார்கள். அதற்கும் கீழே சுவருக்கு அடித்த பச்சை டிஸ்டெம்பர் ஒரு சொட்டு. அதற்கும் கீழே குரோம். குரோம் தேய்ந்த இடத்தில் லேசான மஞ்சள் சாயலோடு நிக்கல். புள்ளி புள்ளியாக அரித்த இடத்தில் ஜிங்க்.

இதில் எது பழைய மாதிரி? அமெரிக்கக்காரர் வீட்டில் இருந்தது குரோம். அம்மா கல்யாணமாகி வந்தபோது பார்த்தது தேய்ந்த குரோமாக இருக்கலாம். பிறகு பல வருஷம் பார்த்தது பெயிண்டு. பச்சைச் சொட்டு எந்த வருஷம் சுவருக்கு அடித்தபோது விழுந்தது என்று தெரிந்தால் நடுவில் ஒரு புள்ளியாவது நிலையாகும் என்று நினைத்து ஜெசியைக் கேட்டேன். "சுவர் எப்பவும் கிரீம் கலர்தானே அங்கிள்" என்றாள். பாண்டியைக் கேட்டேன். "நீலம்ணே" என்றான்.

இதோடு நிற்கவில்லை. கழலாத நாலாவது மூடியைப் பேனாக்கத்தியால் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. பித்தளை. எப்போதோ உடைந்ததற்குப் பதிலாக யாரோ உள்ளூரில் வார்த்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தது எந்தக் காலம்? பெயிண்டு அடித்த காலம் மட்டும்தான். இதைச் சொன்னதும் பாண்டிக்குக் குஷி தாங்கவில்லை.

"பாத்தீங்களா! நாலும் ஒண்ணுபோல இருந்தது என் கையாலதான்."

வேலையில் உள்ள ஆபத்தை ஜெசிக்கு விளக்கினேன். பஃப் வீலில் பிடித்தால் மிச்சமிருக்கும் குரோமும் போய்விடும். பிறகு மங்கலாக வேண்டும் என்றால் மங்கலாக்கலாம், ஆனால் இந்த மங்கல் வராது. காலம் தேய்த்த தேய்ப்பு வேறு, எமரித் தாள் தேய்க்கும் தேய்ப்பு வேறு. ஒருமுறைதான் முடிவெடுக்கலாம்.

"அப்ப அம்மாவையே ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம். சாமானைக் கண்ணால பாத்தா ஏதாச்சும் தெரியவரும்," என்றாள்.

அதான்

ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டாள். நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, லில்லி அம்மா தலையணையில் சாய்ந்து எங்களைப் பார்த்தார். முகத்தின் ஒரு பக்கம் சற்று இறங்கியிருந்தது. கண் பழைய கண்தான்.

ஜெசி கூடத்தைக் காட்டி, டேபிளைக் காட்டி, கழலாமல் நின்ற மூடியைக் கிட்டத்தில் காட்டினாள்.

"அம்மா, இது பளபளன்னு மின்னணுமா?"

"அதான்," என்றார் லில்லி அம்மா. தெளிவாக, அழுத்தமாக. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜெசி சற்று நிறுத்தி, "இல்ல, மின்னாம மங்கலா இருக்கணுமா?" என்றாள்.

"அதான்."

பாண்டி குறுக்கே தலையை நீட்டினான். "அம்மா, நான் அடிச்ச பெயிண்டு அப்படியே இருக்கட்டுமாம்மா?"

"அதான்! அதான்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அது என்று ஜெசி அப்போதுதான் சொன்னாள். கஞ்சி வேண்டுமா என்றாலும் அதான், வேண்டாமா என்றாலும் அதான். டாக்டர் பெயர் கேட்டாலும் அதான். காதில் விழுகிறது, பெரும்பாலும் புரியவும் செய்கிறது, ஆனால் உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் வாயில் வரும்போது அந்தச் சொல்லாகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னாராம்.

போனை வைத்த பிறகு ஜெசி டேபிளில் கையூன்றி நின்றாள்.

"இது போனாப் போகட்டும் அங்கிள். 'என்கூட கோயம்புத்தூர் வந்துடுறியாம்மா'ன்னு கேட்டேன். அதான்னாங்க. சந்தோஷமா வீட்டுல ரூம் எல்லாம் ரெடி பண்ணச் சொன்னேன். மறுநாள் 'இல்ல கொடைக்கானல்லயே இருக்கியா'ன்னு கேட்டேன். அதுக்கும் அதான். இப்ப நான் எங்க கூட்டிட்டுப் போறது? என் இஷ்டத்துக்கு ஒண்ணை முடிவு பண்ணிட்டு, அம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லிக்கிறதா?"

இந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. அம்மா வாய் போவதற்கு முன் எழுதிய ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள முடிந்தால், மற்றதையும் புரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை. அந்தச் சீட்டோ எல்லாவற்றுக்கும் அதான் என்றது.

பாயின் கட்சி

ரிமூவர் தீர்ந்துபோனதால் பஜாரில் சாகுல் பாய் கடைக்குப் போனேன். பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார், கூடவே பழைய பங்களாக்களின் மரத் தரைக்கு பாலிஷ் போடும் காண்ட்ராக்டும் எடுப்பார். பேச்சுவாக்கில் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் எடுத்த டப்பாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாலு மூலையும்னா எழுதியிருக்கு?"

"ஆமா பாய்."

"டேபிள்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அது என் சோலிங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கூடத்துத் தரையைப் பாத்திருக்கீங்களா? நடுவுல ஆளு நடந்து நடந்து மங்கிப்போச்சு. ஆளு கால் படாத நாலு மூலையில மட்டும் பழைய மெழுகு ஏறிப் பளபளன்னு கெடக்கு. அம்மா ஒருநாள் என்கிட்ட, 'பாய், அந்த மூலைப் பளபளப்பை எடுத்து ஒண்ணுபோல ஆக்கிக் குடுங்க'ன்னு சொல்லுச்சு. நாந்தான் வேலைப் பளுவுல மறந்துட்டேன். மறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே, அது யாருக்கு? எனக்குத்தான்."

"எப்ப சொன்னாங்க பாய்?"

"போன மழைக்கு முந்தி. இல்ல, அதுக்கு முந்தின மழையா இருக்கும்."

"சீட்டு டேபிள் மேல இருந்துச்சு."

"பின்ன தரையிலயா வைப்பாங்க? பாலிஷ்காரரே, நீங்க படிச்ச ஆளு, நீங்களே சொல்லுங்க."

மாலை கூடத்துக்குப் போய்த் தரையைப் பார்த்தேன். பாய் சொன்னது போலவே நாலு மூலையிலும் மெழுகு மின்னியது. இத்தனை நாள் டேபிளையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் படவில்லை. எனக்கு ஒரு சோலி வைத்திருப்பதாக அம்மா பஜாரில் சொன்னது உண்மைதான். ஆனால் அது கணப்படுப்பின் இரும்புத் தட்டியாக இருக்கலாம், கதவுக் குமிழாகவும் இருக்கலாம். அதற்கான சீட்டை அவர் எழுதாமலே போயிருக்கலாம்.

பின்னாலேயே பாய் வந்துவிட்டார். பாண்டியைப் பார்த்ததும், "ஏலே, அந்த டேபிளை ஓரமாத் தள்ளு, மூலையைச் சுரண்டணும்" என்றார்.

"அதைத் தள்ளுறதுக்கு பத்து ஆளு வேணும் பாய். உள்ள கல்லு கெடக்கு. நீங்க மூலைக்கு மூலை குனிஞ்சு போங்க."

"ஒனக்கு வாய் மட்டும் வெரசா வேலை செய்யுதுலே."

மூன்று துண்டு

பழனிப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. கஸ்டமரிடம் மங்கலா, பளபளப்பா என்று வாயால் கேட்கவே மாட்டோம். இரண்டையும் செய்து முன்னால் வைப்போம். எது வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்கள்கூடக் கை நீட்டிவிடுவார்கள். லில்லி அம்மாவுக்கும் அதையே செய்வோம் என்று ஜெசியிடம் சொன்னேன். அவர் வருவதற்குள் முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசையை அவள் விட வேண்டியிருந்தது. "சரி அங்கிள், எதையும் மாட்டாதீங்க" என்றாள்.

மூன்று மூடிகளில் ஒன்றில் முலாம் ஏற்கெனவே பெரும்பாலும் உரிந்துபோயிருந்தது. அதில் இழக்க ஒன்றுமில்லை. மிச்சத்தையும் எமரியில் இறக்கி, ஜிங்க்கையே துணி வீலில் வெள்ளைப் பாலிஷ் சோப்பு போட்டுப் பிடித்து, மங்காமல் இருக்க லாக்கர் வார்னிஷ் அடித்தேன். முகம் தெரிந்தது. இன்னொன்றில் பெயிண்டை மட்டும் எடுத்துக் கழுவி, மெழுகு தடவித் துடைத்தேன். தேய்ந்த குரோமும் புள்ளிகளும் அப்படியே இருந்தன. மூன்றாவதில் பாண்டியின் பெயிண்டைத் தொடவில்லை.

அம்மாவை மதுரையிலிருந்து காரில் அழைத்து வந்தார்கள். மலைப்பாதையில் களைத்துப்போயிருந்தார். தேநீர் குடித்து, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, ஜெசி வீல் சேரைக் கூடத்துக்குத் தள்ளிவந்து, கணப்படுப்புப் பக்கத்து மூலையில் டேபிளோடு ஒட்டி நிறுத்தினாள். பச்சைத் துணியின் மேல் மூன்று மூடிகளையும் வரிசையாக வைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். பாண்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். சாகுல் பாய் தூர மூலையில் முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

லில்லி அம்மாவின் இடது கை டேபிள் விளிம்பில் ஏறியது. மூடிகள் பக்கம் போகவில்லை. மூடி இல்லாமல் மொட்டையாக இருந்த மூலைக்குப் போனது. வெறும் மரத்தை, ஸ்க்ரூ ஓட்டைகளை, விரலால் தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். யார் இதைப் பிடுங்கியது என்று கேட்ட பார்வை அது. எனக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியவில்லை.

கை மெதுவாக வரிசைக்கு வந்தது. சில்வர் பெயிண்டு அடித்ததை எடுத்தார். பாண்டியின் கண் விரிந்தது. அதை மூலையில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். உட்காரவில்லை. அது வேறு மூலையுடையது. திருப்பி வைத்தார். மின்னியதை எடுத்தார், வைத்துப் பார்த்தார், அதுவும் உட்காரவில்லை. கழுவி மெழுகிட்டதை எடுத்தார். வைத்ததும் ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்து உட்கார்ந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அதான் என்று சொல்லவில்லை.

ஜெசி என் பக்கம் திரும்பி, "இதான் வேணும்கிறாங்க!" என்றாள். நான் அந்த மூடியின் உள்பக்கம் போட்ட எண்ணை நினைத்துப் பார்த்தேன். அது அந்த மூலைக்கே உரியது. சாம்பிள் வைத்த நான், எது எந்த மூலையுடையது என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. அவர் மங்கலைத் தேர்ந்தாரா, அளவைத் தேர்ந்தாரா? இதை ஜெசியிடம் சொன்னேன். அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அவங்க வாயால எல்லாத்துக்கும் ஒரே பதில் சொன்னாங்க. கையால அப்படிச் சொல்லல. ரெண்டை வேண்டாம்னு திருப்பி வச்சாங்க, பாத்தீங்கள்ல?"

பெட்டி

மறுநாள் ஸ்க்ரூ முடுக்கப் போனபோது ஜெசி அம்மாவின் அறையில் இருந்தாள். கோயம்புத்தூருக்கு என்று எடுத்துவைத்த பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்திருந்தாள். ஸ்வெட்டர், சால்வை, பைபிள், மூக்குக் கண்ணாடிக் கூடு, கணவரின் படம். பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்திருந்ததால் கூடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

லில்லி அம்மா வெகு நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு இடது கையால் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பைபிளையும் சால்வையையும் எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்தார். படத்தை எடுத்து, சுவரில் வெறும் ஆணி இருந்த இடத்தைப் பார்த்து நீட்டினார். ஜெசி வாங்கி மாட்டினாள். ஸ்வெட்டரை ஒரு கையால் எடுக்க முடியாமல் பாதி இழுத்தார். ஜெசி உதவிக்குக் கை நீட்டினாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, தானே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைக் கண்ணால் காட்டினார்.

"சரிம்மா," என்றாள் ஜெசி. ஸ்வெட்டரை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். "சரி. இங்கேயே இரு. நான் வந்து வந்து போறேன். பாண்டி இருக்கான்."

"அதான்," என்றார் லில்லி அம்மா.

வாசலில் நின்ற பாண்டி என்னிடம் கேட்டான்: "அண்ணே, இந்த அதானை நம்பலாமா?"

"இதை நம்பலாம்ப்பா. பெட்டி காலியாக் கெடக்குல்ல."

முடித்த விதம்

பெயிண்டு இருந்த மூடியையும் கழுவி மெழுகிட்டு மாட்டினேன். பாண்டிக்கு வருத்தம்தான். அவனுக்காக, டேபிள் காலின் உள்பக்கத்தில் பட்டிருந்த அவனுடைய சில்வர் தீற்றலை மட்டும் அழிக்கவில்லை. மின்னிய மூடியை எஃகு நாரால் லேசாக இறக்கினேன். மற்றவை போல ஆகவில்லை, கிட்டத்தில் வந்தது. பித்தளை மூடியை அதன் இடத்திலேயே கழுவி விட்டேன். அது மஞ்சளாகவே இருக்கிறது. சாகுல் பாய் தன் பங்குக்குத் தரையின் நாலு மூலையிலும் மெழுகைச் சுரண்டி, நடுவோடு சேர்த்து ஒன்றாக ஆக்கினார். சீட்டு யாருக்கு எழுதியதாக இருந்தாலும் வேலை நடந்துவிட்டது என்பது அவர் கட்சி.

லில்லி அம்மா இப்போது சாயங்காலங்களில் இடது கையால் கோலைப் பிடித்துப் பழகுகிறார். பாண்டி எதிராளி. தோற்றுக்கொடுக்கிறானா, நிஜமாகவே தோற்கிறானா என்று கேட்டேன். "முதல்ல தோத்துக் குடுத்தேண்ணே" என்றான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வேன். எடுக்கணும் என்று யாராவது சாமானைக் கொடுத்தால், எதை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எடுத்த பிறகு எது மிச்சம் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். சொல்ல முடியாதவர் என்றால் முன்னால் வைத்துக் காட்டுங்கள். சாம்பிள் வைக்கும்போது அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

மூன்று மூடிகளுக்கும் உள்பக்கம் வழக்கம்போலத் தேதி கீறியிருக்கிறேன். நாலாவது கழலாததால் அதற்கு மட்டும் பக்கத்து மரத்தில் எழுதினேன். செய்த வேலை: கழுவியது, மெழுகிட்டது. சீட்டை ஜெசி என்னிடமே கொடுத்துவிட்டாள். அது எழுதப்பட்ட நாள் தெரியவில்லை. எனக்கு எழுதியதா, சாகுல் பாய்க்கு எழுதியதா, நாலு மூலை என்றது டேபிளையா தரையையா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை. லில்லி அம்மாவிடம் சீட்டை நீட்டிப் பார்த்தேன். வாங்கிப் படித்தார். சிரித்தார். என்ன மாதிரிச் சிரிப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.